கேன் மூடியில் ரிவெட் எங்கிருந்து வருகிறது?

குளிர்பான கேன் மூடியில் வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் (சின்னக் குமிழ் ஆணி) தனியாகச் செருகப்படுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது மூடியின் தகடேதான். துளை போட்டால் கசியுமே!

பிரஸ்ஸில் (அழுத்து இயந்திரத்தில்) முதல் டை, அதாவது வடிவம் கொடுக்கும் அச்சு, தகட்டின் நடுவை மெல்லக் குமிழாக உப்ப வைக்கும். அடுத்தடுத்த டைகள் அந்தக் குமிழைக் குறுக்கிச் சின்னப் பொத்தானாக நிமிர்த்தும். அப்புறம் வளையத்தை அதில் மாட்டி, தலையைத் தட்டையாக அமுக்கிவிடுவார்கள். ஒரே அடியில் இழுத்தால் தகடு கிழிந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய வித்தையாகத் தெரிவது வளையத்தை இழுத்தால் மூடி பிளந்து திறக்கும் கோடுதான். சுமார் 0.2 மி.மீ. அலுமினியத்தில் டையின் கூரான விளிம்பு ஏறக்குறையப் பாதி ஆழம் பதிய வேண்டும். கூடினால் வாயு அழுத்தத்தில் பிளக்கும், குறைந்தால் நகம் உடையும். டை தேயத் தேய ஆழம் மாறுமென்பதால் மீந்த தடிமனை அடிக்கடி அளந்து பார்ப்பார்கள்.