ஐந்து ஜோடி வாத்தும் பிடரிப் புண்ணும்

கேள்வி: ஐயா, வணக்கம். திருவாரூர் பக்கம் எங்கள் கிராமம். போன ஆடியில் வண்டியில் வந்தவரிடம், காக்கி கேம்பல் என்ற முட்டை இனம் என்று சொன்னதை நம்பி ஐந்து ஜோடி வாத்துக் குஞ்சு வாங்கினோம். பத்தும் பிழைத்துக்கொண்டன. மார்கழியில் முட்டை வைக்க ஆரம்பித்து தினம் நாலு கிடைத்தது. இப்போது பங்குனியில் ஒன்றோ இரண்டோதான். பெட்டைகளுக்குப் பிடரியில் முடி போய்ப் புண்ணாகிவிட்டது. ஒன்று நொண்டுகிறது. போன வாரம் ஒன்று குளத்தில் செத்து மிதந்தது. மருந்துக்கடையில் இது சொறி என்று சொல்லி ஆன்டிபயாடிக் பொடியும், முட்டை குறைந்ததற்கு ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். ஆண் வாத்துகள் இப்போது கோழிகளையும் துரத்துகின்றன. பிரித்து விடலாம் என்றால், ஆண் இல்லாவிட்டால் முட்டையே நின்றுவிடும் என்கிறார் மாமியார். புண்ணுக்கு என்ன மருந்து போடலாம்?

பதில்: வணக்கம் சகோதரி. மருந்தைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் ஆண்களைக் குறைக்காமல் எந்த மருந்தைப் போட்டாலும் அடுத்த வாரமே அந்தப் புண் திரும்ப வரும்.

இது சொறி இல்லை. ஆண் வாத்து பெட்டையின் பிடரி முடியை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும். ஒரு ஆண் கவ்வினால் நாலு முடி கலையும், அவ்வளவுதான். ஐந்து ஆண்கள் முறை வைத்துக் கவ்வினால் தோல் உரியாமல் என்ன செய்யும்? சந்தேகமாக இருந்தால் ஒரு பெட்டையைப் பிடித்துப் பாருங்கள். சேதமெல்லாம் தலையின் பின்பக்கமும் கழுத்தின் மேல்பக்கமும்தான் இருக்கும். கழுத்தின் அடிப்பக்கம், மார்பு, வயிறு எல்லாம் முடி குலையாமல் இருக்கும். சொறி இப்படி இடம் பார்த்து வராது. நொண்டுவதும் பெரும்பாலும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி மிதித்ததால்தான், ஆனாலும் உள்ளங்காலைத் திருப்பி முள்ளோ வெட்டுக்காயமோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செத்துப்போனதை நான் நேரில் பார்க்கவில்லை. இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து ஆழமான தண்ணீரில் ஒரு பெட்டையை அமுக்கினால் அது மூச்சு முட்டிச் சாகும், வாத்து வளர்ப்பில் இது புதிதல்ல. மற்றவை நன்றாகத் தின்று, நன்றாக நடந்தால் நோய் என்று அலைய வேண்டாம். கண்ணில் பீளை கட்டி, பச்சையாகக் கழிந்து, இரை எடுக்காமல் ஒன்று ஒதுங்கி நின்றால் மட்டும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், அது வாத்து பிளேக்காக இருக்கலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதவில்லை, அதனால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மருந்து இதுதான். அடிபட்ட பெட்டைகளை ஆண்கள் எட்ட முடியாத இடத்தில் வையுங்கள். தனியாக ஒன்றை மட்டும் அடைக்காதீர்கள், வாத்து துணையில்லாமல் இரை எடுக்காது. புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள், ஈ அண்டாது. தினம் ஒருமுறை முடியை விலக்கிப் பாருங்கள், புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் போதாது. வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களில் புது முடி முளைக்கும். பாதியில் ஒடிந்து குச்சி மட்டும் நிற்கிற இடத்தில் அடுத்த முடி உதிர்வு வரை ஒன்றும் வராது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். உங்களை யார் ஐந்து ஜோடி வாங்கச் சொன்னது?

இந்த ஜோடி வியாபாரத்தை நான் எங்கே பார்த்தாலும் திட்டுவேன், இங்கேயும் திட்டுகிறேன். வாத்து ஒன்றுக்கு ஒன்று என்று குடும்பம் நடத்துகிற பறவை இல்லை. முட்டை இனத்தில் ஐந்தாறு பெட்டைக்கு ஒரு ஆண் போதும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறார்களே, அவர்கள் மந்தையில் ஆண் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தீனி கொடுத்துக் கணக்குப் பார்க்கிறவன் எவனும் பாதிக்குப் பாதி ஆண் வைத்துக்கொள்ள மாட்டான். பிறகு ஏன் வண்டிக்காரர் ஜோடி ஜோடியாக விற்கிறார்? முட்டையில் பாதி ஆணாகப் பொரிக்கிறது, முட்டை இனத்தில் அந்த ஆணை வளர்த்து யாருக்கும் லாபமில்லை, அதைத் தள்ளிவிட வேண்டும். ஜோடி என்று சொன்னால் நாமும் பாவம் பிரிக்கக் கூடாது என்று வாங்கிவிடுகிறோம். அதிலும் ஒரு நாள் குஞ்சைக் கையில் தூக்கி இது ஆண், இது பெட்டை என்று சொல்ல ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். வண்டியில் இருப்பவர் மூக்கைப் பார்த்துச் சொல்கிறார், நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார், எல்லாம் கதை. உங்களுக்குச் சரிபாதியாக அமைந்ததே அதிர்ஷ்டம், பத்தில் எட்டு ஆணாகப் போனவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

அதனால் குஞ்சு வாங்காதீர்கள். இரண்டு மாதம் தாண்டியதை, விலை கூடுதலாக இருந்தாலும் வாங்குங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். பெட்டை ஊரைக் கூட்டும். ஆணுக்குத் தொண்டை கட்டினமாதிரி கரகரவென்று மெல்லிய சத்தம்தான் வரும். வளர்ந்த ஆணுக்கு வால் மேலே சுருள் முடி இருக்கும், ஆனால் முடி உதிர்கிற காலத்தில் அதுவும் விழுந்துவிடும், சத்தம் மாறாது. மேய்ச்சல்காரரிடம் வாங்குவதானால் இன்னொன்றையும் பாருங்கள். அவர் முட்டை ஓய்ந்ததைத்தான் முதலில் தள்ளிவிடப் பார்ப்பார். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் கூராக நிற்கிற எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையில் இருக்கிறது. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், ஆண் இல்லாமலும் பெட்டை முட்டை வைக்கும். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வருகிற முட்டையெல்லாம் சேவலே இல்லாத கொட்டகையில் வைத்ததுதான். ஆண் வேண்டியது குஞ்சு பொரிக்க மட்டும். காக்கி கேம்பல் அடைக்கு உட்காராது, குஞ்சு வேண்டுமென்றால் நாட்டுக்கோழியிடம்தான் வைக்க வேண்டும், அதுவும் 28 நாள். அந்த வேலைக்கு நீங்கள் தயாரில்லை என்றால் ஒரு ஆண்கூட உங்களுக்குத் தேவையில்லை. தயார் என்றால் ஒன்றே ஒன்று. இருப்பதில் பெரியதை, முரட்டுத்தனமானதை நிறுத்தாதீர்கள், சாதுவானதை நிறுத்துங்கள். ஒரே இடத்துக் குஞ்சுகள் என்பதால் உடன்பிறப்பாகவும் இருக்கலாம், பக்கத்து ஊரில் யாரிடமாவது ஆணை மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. இப்போது மிச்சமிருப்பது நாலு பெட்டை, இன்னும் இரண்டு சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மீதி நாலு ஆணை ஈஸ்டருக்கு முன் விற்றுவிடுங்கள், கேரளத்துக்கு வாங்கிப் போகிறவர்கள் அந்தச் சமயத்தில் நல்ல விலை கேட்பார்கள். இல்லையா, வீட்டிலேயே குழம்பு வையுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள், அறுக்க மனசு வரவில்லை என்றால் பெட்டை கண்ணில் படாத இடத்தில் நாலையும் சேர்த்து அடையுங்கள். பெட்டை இல்லாத இடத்தில் ஆண்கள் ஆச்சரியமாக ஒற்றுமையாக இருக்கும். அடைத்துப் போடுகிற தீனியை நினைத்தால் எனக்கு வயிறு எரியும், அது உங்கள் விருப்பம்.

கோழியைத் துரத்துவதை விளையாட்டாக விடாதீர்கள். சேவலுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது, ஆண் வாத்துக்கு உண்டு, நீளமாகவே உண்டு. கோழியின் உடம்பு அதற்கு ஏற்றது இல்லை, உள்ளே கிழிந்து செத்தும் போகலாம். ஒரு ஆணையே வைத்துக்கொண்டாலும் ராத்திரிக் கூடு இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

முட்டை குறைந்தது துரத்தலால்தான் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். காலையில் எத்தனை மணிக்குத் திறந்து விடுகிறீர்கள்? வாத்து விடியலிலிருந்து ஒன்பது மணிக்குள்தான் பெரும்பாலும் முட்டை வைக்கும். ஆறு மணிக்கே திறந்தால், ஆணுக்குப் பயந்து குளத்துக்கு ஓடுகிற பெட்டை முட்டையை அங்கேயே போட்டுவிடும். கரையோரச் சேற்றைக் காலால் துழாவிப் பாருங்கள். ஒரு வாரம் ஒன்பதுக்கு மேல் திறந்து விடுங்கள், உள்ளே குடிதண்ணீர் மட்டும் அலகும் மூக்கும் முழுதாக முங்குகிற ஆழத்தில் இருக்கட்டும்.

அந்த ஆன்டிபயாடிக் பொடியை இன்றோடு நிறுத்துங்கள். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து, முட்டை வழியாக உங்கள் வீட்டு இலைக்குத்தான் வரும். கொடுத்த நாட்களிலும், நிறுத்திய பிறகு உறையில் போட்டிருக்கிற நாள் கணக்கு வரைக்கும் முட்டையைத் தின்ன வேண்டாம். உறையில் ஒன்றும் போடவில்லை என்றால் உறையோடு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். டானிக் புட்டியை இன்னும் திறக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.