பதிவேட்டில் எட்டுப் பேர், வேலையில் பதினான்கு பேர்: இ.எஸ்.ஐ. உரிமை உண்டா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் என் கணவர் மூன்று ஆண்டுகளாக கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். சம்பளம் மாதம் 18,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் கட்டிங் மெஷினில் அவருடைய இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்த முதலாளி, "பதிவேட்டில் எட்டுப் பேர்தான், நமக்கு இ.எஸ்.ஐ. வராது" என்கிறார். ஆனால் காண்ட்ராக்டர் மூலம் வரும் ஆறு டெய்லர்களும் அதே கட்டடத்தில்தான் தைக்கிறார்கள். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் எழுதியுள்ளபடி பார்த்தால் உங்கள் கணவருக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு என்பதே என் கருத்து.

விபத்து நடந்த நாளில் நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம். அதன்படி, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு நாளாவது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் அந்தத் தொழிற்சாலை சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பதிவேட்டில் எத்தனை பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது அளவுகோல் அல்ல. முதலாளியின் கட்டடத்துக்குள் காண்ட்ராக்டர் வழியாக வேலை செய்பவர்களையும் ஊழியர்களாகவே பிரிவு 2(9) கொள்வதால், பீஸ் ரேட்டில் தைக்கும் அந்த ஆறு பேரையும் சேர்த்தே எண்ண வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் இருந்தால் அவருக்குக் காப்பீடு கிடைக்காது. ஆனால் பத்துப் பேரை எண்ணும்போது அவரும் ஒரு தலைதான். இந்த இடத்தில்தான் பல முதலாளிகள் தவறான கணக்குப் போடுகிறார்கள். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்து ஐந்து பேராகிவிட்டாலும் அதிலிருந்து வெளியேற முடியாது என்று பிரிவு 1(6) சொல்கிறது.

"பதிவே செய்யவில்லை, பணமும் கட்டவில்லை, பிறகு எப்படிக் கிடைக்கும்?" என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். யாருக்காகச் சந்தா (இ.எஸ்.ஐ.க்கு முதலாளியும் தொழிலாளியும் கட்டும் பங்குத் தொகை) செலுத்தப்பட வேண்டியிருந்ததோ அவரும் காப்பீடு பெற்றவரே என்றுதான் சட்டம் வரையறுத்திருக்கிறது. முதலாளி அதைச் செலுத்தாமல் விட்டது தொழிலாளியின் உரிமையைப் பறிக்காது என்பதை பாரகத் இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துள்ளது. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 விழுக்காடும், விரல் இழப்பு நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் அதற்கேற்ற தொகையும் கிடைக்கும். இத்திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிரிவு 68இன்படி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

ஆகவே, தாமதிக்காமல் இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். உரிமை கோருவதற்குச் சட்டம் வைத்திருக்கும் பன்னிரண்டு மாதக் கெடுவைத் தவறவிட்டால், நீதிமன்றத்தில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நிற்க வேண்டிவரும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன், எண்ணிக்கையை நிரூபிக்கும் சான்றுதான் இந்த வழக்கின் உயிர். டெய்லர்கள் சனிக்கிழமை கூலி வாங்கும்போது பீஸ் கணக்கு எழுதிக்கொள்ளும் சிறு நோட்டில் தேதியும் ஸ்டைல் நம்பரும் இருக்கும். அதன் ஒரு பக்கத்தின் புகைப்படம்கூட வலுவான சான்று. அவர்களில் இருவராவது சாட்சி சொல்ல முன்வந்தால் இன்னும் நல்லது. கழகம் மறுத்தால் பிரிவு 75இன்கீழ் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தை அணுகலாம்.

பாதிச் செலவைக் கொடுத்த முதலாளி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கக்கூடும், தயவுசெய்து போடாதீர்கள். விடுபட்ட காலத்துக்கான சந்தாவை உங்கள் கணவரின் பங்கான 0.75 விழுக்காடு உட்பட முதலாளியே கட்ட வேண்டும். பழைய மாதங்களுக்கானதை இப்போதைய சம்பளத்தில் பிடிக்க பிரிவு 40 அனுமதிக்கவில்லை.

இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பத்துப் பேர் என்ற வரம்பே தொடர்கிறது. ஒருவேளை பத்துக்குக் குறைவு என்றே நிரூபணமானாலும், விபத்து நாளில் நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளியிடம் நேரடியாக இழப்பீடு கோரலாம். ஆனால் இ.எஸ்.ஐ. பொருந்துமிடத்தில் அந்த வழி அடைபட்டுவிடுவதால், முதலில் கழகத்தில் மனுக் கொடுப்பதே சரியான வரிசை.