ஸ்பாக்கின் மூளை – கடிதம்

வணக்கம்,

பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளித் தொடரை மகளோடு வரிசையாகப் பார்த்துவருகிறேன். மூன்றாவது சீசனின் முதல் எபிசோடான ‘ஸ்பாக்ஸ் பிரைன்’ பார்த்து இருவருக்கும் சிரித்தே வயிறு வலித்துவிட்டது. நடித்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பட்ஜெட்டைக் குறைத்ததால்தான் இப்படி ஆனதா? இவ்வளவு நல்ல தொடரைப் பார்த்து இப்படிச் சிரிக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

தாராளமாகச் சிரிக்கலாம். நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: காரா என்ற பெண் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்குள் திடீரென்று வந்து, எல்லாரையும் மயங்கவைத்துவிட்டு, கப்பலின் அதிகாரியான ஸ்பாக்கின் மூளையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு முடிகூடக் கலையவில்லை. அதை 24 மணி நேரத்தில் மீட்டாக வேண்டும். டாக்டர் மெக்காய் ஸ்பாக்கின் உடலை ரிமோட்டில் இயங்கும்படி செய்கிறார். பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஸ்பாக் நடக்கிறார். இன்னொரு ‘டிக்’, திரும்புகிறார். பாதாள நகரத்தில் காராவைக் கண்டுபிடித்துக் கேட்டால், “மூளை, மூளை என்கிறீர்களே, மூளை என்றால் என்ன?” என்று அவள் கத்துகிறாள்.

மூன்றாவது சீசனில் பட்ஜெட்டைக் குறைத்தது உண்மை. ஒளிபரப்பை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளிவிட்டதும் உண்மை. ஆனால் சிரிப்புக்குக் காரணம் அதுவல்ல என்றே நினைக்கிறேன். 1967-ல் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ நினைவிருக்கிறதா? சுரங்கத்தில் ஊர்ந்து வரும் ஹோர்ட்டா, ரப்பர் உறைக்குள் ஒரு மனிதர் தவழ்ந்து வருவதுதான். பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் ஸ்பாக் அதைத் தொட்டு “வலி, வலி” என்று அலறும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? அந்த ஜந்துவின் முட்டைகளை உடைத்தது யார், குற்றம் யார் பக்கம் என்று கதை நம்மை உலுக்கிவிடுகிறது. அதை எழுதியவர் ஜீன் கூன். லீ குரோனின் என்ற புனைபெயரில் ‘ஸ்பாக்ஸ் பிரைன்’ எழுதியவரும் அவரேதான்!

இத்தனைக்கும் இதிலும் நல்ல விதை இருந்தது. கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்தது 1967 டிசம்பர் 3. இந்த எபிசோட் ஒளிபரப்பானது 1968 செப்டம்பர் 20. உறுப்பை மாற்றிய பிறகு அது அதே மனிதன்தானா என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். இங்கே ஒரு மனிதனின் மூளை நிலத்தடி நகரத்துக்குக் காற்றும் நீரும் சூடும் தந்து இயக்குகிறது. உடலில்லாமல் அப்படி இருப்பது எப்படி இருக்கும்? எடுத்துவிட்டால் அந்த மக்கள் கதி என்ன? இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் அவசரமாக ஒரு பதில் வருகிறது. முதல் கேள்வியில் கதை நிற்பதே இல்லை. ஸ்பாக்கும் தொலைந்த சாமானைத் தேடி வந்தவர்களுக்கு வழி சொல்வதுபோலப் பேசிவிட்டுப் போகிறார். துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கம் மட்டும் இருப்பதால்தான் நாம் சிரிக்கிறோம்.

நடிகர்களை நான் குறையே சொல்ல மாட்டேன். படப்பிடிப்பு முழுக்கக் கூச்சமாக இருந்ததாக ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாய் பின்னாளில் எழுதியிருக்கிறார். திரையில் அந்தக் கூச்சம் துளிகூடத் தெரியாது. ரிமோட்டுக்கு நடக்கும் உடலாக, வெறித்த கண்ணோடு, அப்படியே நிற்கிறார். அது பெரிய தொழில் பக்தி.

அப்புறம் அந்த அறுவைச் சிகிச்சைக் காட்சி. அறிவைப் புகட்டும் கருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்த மெக்காய், இதைக் குழந்தைகூடச் செய்யும் என்கிறார். மளமளவென்று கை ஓடுகிறது. பாதியில் அறிவு மங்கத் தொடங்குகிறது. மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லியின் முகத்தைப் பாருங்கள். நோயாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாத டாக்டரின் பயம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தச் சில நொடிகள் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். அதற்குள் ஸ்பாக்கின் பேச்சை மட்டும் இணைத்துவிட, நோயாளியே டாக்டருக்கு வழி சொல்ல ஆரம்பிக்கிறார். மறுபடியும் சிரிப்புதான்.

இதோடு சீசனை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வாரமே வந்தது டி. சி. ஃபாண்டனா எழுதிய ‘தி எண்டர்பிரைஸ் இன்சிடென்ட்’. எதிரிகளான ரோமுலன்களின் கப்பலில் ஸ்பாக்கும் அந்தப் பெண் தளபதியும் பேசும் காட்சிகளை மகளோடு நிதானமாகப் பாருங்கள்.