டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் கறுப்புப் பட்டைகள்

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, கேமராவில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். நொடிக்கு 30 பிரேம் (படம்), ஷட்டர் (ஒவ்வொரு பிரேமிலும் ஒளி பதியும் நேரம்) 1/60 நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டை வருவது அதனால்தான், கேமராவில் கோளாறில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60-இல் இரண்டாவது துடிப்பு பாதியில் அறுபடுகிறது.

25 பிரேம், 1/50 வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆட்டோ ஷட்டர் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் அதிகமானால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறையுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டுங்கள். டிம்மரில் மங்கலாக்கிய எல்இடி மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அதை முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்த காட்சிக்கு டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் இந்தத் துடிப்பைக் குறைக்கும் டிஃப்ளிக்கர் வசதி உண்டு, இலவசப் பதிப்பில் கிடையாது. முகத்தின் மேல் பட்டை ஓடினால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுப்பதே நல்லது.