ஃப்ளூ தடுப்பூசியும் பிறந்த ஆண்டும்

வாசகர் கேள்வி – மருத்துவப் பதில்

கேள்வி: ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். அடுத்த பருவத்தில் எந்த வைரஸ் பரவும் என்று எப்படிக் கணிக்கிறார்கள்? அந்தக் கணிப்பு சில ஆண்டுகளில் ஏன் பொய்த்துப்போகிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்திவரும் கண்காணிப்பு வலையமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள், நோயாளிகளின் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளிலிருந்து வைரஸ்களைப் பிரித்து ஆராய்கின்றன. அந்த முடிவுகளை வைத்து, வட அரைக்கோளத்துக்கான திரிபுகளைப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கானவற்றைச் செப்டம்பரிலும் நிபுணர் குழு பரிந்துரைக்கிறது. தடுப்பூசியின் பெரும்பகுதி இன்றும் கோழி முட்டைகளில்தான் வளர்க்கப்படுகிறது. அதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிடிக்கும் என்பதால், குளிர்காலத்தில் போடவேண்டிய ஊசியை முந்தைய குளிர்காலம் முடிவதற்குள்ளாகவே முடிவுசெய்தாக வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் கணிப்பு சறுக்குகிறது. 2014 பிப்ரவரியில், எச்3என்2 என்னும் ஃப்ளூ வைரஸ் வகைக்கு ஒரு டெக்சாஸ் திரிபைத் தேர்ந்தெடுத்தார்கள். சில வாரங்களிலேயே அதனின்று விலகிய புதிய கிளை தென்படத் தொடங்கி, குளிர்காலத்துக்குள் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. அந்தப் பருவத்தில் அங்கே தடுப்பூசியின் பயன் 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

கேள்வி: மக்களிடம் ஏற்கெனவே உள்ள எதிர்ப்புச் சக்தியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் போதுமான அளவுக்கு அல்ல என்பது என் கருத்து. வைரஸின் மரபணுவில் மாற்றங்கள் கண்டபடி நிகழ்ந்துகொண்டேதான் இருக்கும். அவற்றுள் எது நிலைத்துப் பரவும் என்பதை, மக்கள் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களே (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) பெரிதும் தீர்மானிக்கின்றன. அந்த எதிர்ப்பொருள்களோ எல்லா வயதினரிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறுவயதில் முதன்முதலாகத் தொற்றிய திரிபின் சுவடு ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960இலேயே எடுத்துச்சொல்லியிருக்கிறார்.

2013–14 குளிர்காலத்தை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். குழந்தைகளையும் முதியோரையும் பற்றியே நாம் வழக்கமாகக் கவலைப்படுவோம். அந்த ஆண்டு அமெரிக்காவில் எச்1என்1 என்னும் மற்றொரு ஃப்ளூ வகையால் நடுத்தர வயதினரே வழக்கத்துக்கு மாறாக அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வைரஸின் மேற்புரதத்தில் 166ஆம் இடத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் (புரதத்தின் அடிப்படை அலகு) மாறியிருந்தது. வைரஸ்களை ஒப்பிட ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது ஃபெரெட் என்னும், கீரியை ஒத்த விலங்கின் ரத்தநீரை (ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உள்ள நீர்ப்பகுதி); அந்தச் சோதனையிலோ பழைய வைரஸுக்கும் புதியதற்கும் வேறுபாடே தெரியவில்லை. பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஸ்காட் ஹென்ஸ்லியின் குழுவினர் மனிதர்களின் ரத்தநீரைச் சோதித்தபோது, 1965க்கும் 1979க்கும் இடையே பிறந்தவர்களில் பலருடைய எதிர்ப்பொருள்கள் குறிப்பாக அந்த ஓரிடத்தையே குறிவைத்திருப்பது தெரியவந்தது. 1977இல் மீண்டும் பரவத் தொடங்கிய பழைய எச்1என்1 திரிபுகளைச் சிறுவயதில் எதிர்கொண்டதன் விளைவு அது. அந்த இடம் மாறியதும், அதுவரை அவர்களைக் காத்துவந்த எதிர்ப்பொருள்கள் பயனற்றுப்போயின. ஆய்வகத்து ஃபெரெட்டுக்கு அப்படியொரு பழைய கதை கிடையாது; ஒரே ஒரு முறை தொற்றுக்கு ஆளான அதன் உடல், வைரஸின் பல இடங்களுக்கும் எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. தடுப்பூசியில் எச்1என்1 வகைக்கு இருந்த 2009ஆம் ஆண்டின் கலிஃபோர்னியாத் திரிபைக் கைவிட்டு 2015ஆம் ஆண்டின் மிச்சிகன் திரிபுக்கு மாற 2016 செப்டம்பர் வரை ஆயிற்று. அந்த முடிவுக்கு மனித ரத்தநீர்ச் சோதனைகளும் ஒரு காரணம்.

கேள்வி: கணினியால் இதைச் சரியாகக் கணிக்க முடியாதா?
– மாணவர், மதுரை

பதில்: ஓரளவு முடியும். மார்த்தா வுக்ஷா, மிஷாயேல் லேசிக் இருவரும் 2014இல் வெளியிட்ட கணித மாதிரி, முந்தைய திரிபுகளால் மக்களிடம் உண்டான எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் கணக்கிட்டு, இப்போது பரவிவரும் கிளைகளில் எது அடுத்த ஆண்டு பெருகும், எது தேயும் என்று மதிப்பிடுகிறது. இன்னும் தோன்றாத மாற்றத்தை இத்தகைய மாதிரிகளால் சொல்ல இயலாது. தவிர, வைரஸ்களின் மரபணு வரிசைகள் ஆயிரக்கணக்கில் குவிந்துகிடக்க, எந்த ஆண்டில் பிறந்தவர்களிடம் எத்தகைய எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற தரவு மிகக் குறைவாகவே திரட்டப்படுகிறது.