கேட்காமல் எடுத்த கயிறு, சம்மாட்டி கொடுத்த முன்பணம்: எது தப்பு, எது குற்றம்?

ராமநாதபுரம் கோர்ட்டில் கடலோர மக்களின் வழக்குகளை நடத்துகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம்: அண்ணே, பக்கத்து வள்ளத்தில் இருந்த நங்கூரக் கயிற்றைக் கேட்காமல் எடுத்தேன். சாயங்காலமே திருப்பி வைத்துவிட்டேன். அதைப் போய்த் திருட்டு என்கிறார்கள்.

திருப்பி வைத்ததால் மட்டும் தப்பிவிட முடியாது, தம்பி. 1952இல் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் ஜோத்பூரில் அனுமதி இல்லாமல் ஒரு விமானத்தை எடுத்துப் பறந்தார். கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டாகலாம் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். ஆனால் நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒருவர் சாமானை ஒருவர் எடுத்துப் புழங்குவது உங்களுக்குள் வழக்கமா? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று உண்மையிலேயே நம்பி எடுத்தீர்களா? அப்படியென்றால் திருட்டு இல்லை. நண்பர் வீட்டுப் புத்தகத்தை இப்படி நம்பிப் படிக்க எடுத்துப்போவதைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. "என் சாமானைத் தொடாதே" என்று அவர் முன்பே சொல்லியிருந்தால் கதை வேறு. கயிறு இல்லாமல் அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போகவில்லையா? அந்த நஷ்டத்தைக் கொடுத்து இன்றே பேசி முடியுங்கள்.

பாம்பன்: வக்கீலய்யா, படகு முதலாளியான சம்மாட்டியிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கினேன். வேறு படகுக்குப் போகிறேன் என்றதும் மோசடிக் கேஸ் போடுவேன் என்கிறார். ஆதார் அட்டையையும் பிடுங்கி வைத்திருக்கிறார்.

பயப்படாதீர்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. நல்ல எண்ணத்தோடு வாங்கிப் பிறகு கட்ட முடியாமல் போனால் அது கடன் பாக்கி. அதற்கு சிவில் வழக்குதான் வழி. சம்மாட்டிக்கும் சொல்கிறேன்: பணத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆளைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது. முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிடும். மூன்று வருடம் வரை ஜெயில். கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் அந்தக் கடனே செல்லாது; கொடுத்த பணமும் போய்விடும். ஊர் வழக்கம் என்று சொல்லி இதைத் தொடர்வதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. தம்பி, ஆதாரைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் மனுக் கொடுங்கள். வாங்கிய பணம், கழித்த கூலி இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

மண்டபம்: சார், தீவில் பாசி எடுப்பது எங்கள் அம்மா காலத்திலிருந்து நடக்கிறது. இப்போது ஏன் குற்றம்?

அக்கா, பாசி எடுப்பதால் வந்த சிக்கல் இல்லை, இடத்தால் வந்தது. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தாலே குற்றம். பிழைப்புக்காகப் போகும் பெண்களுக்கு இது கடுமை என்பதுதான் என் கருத்து. அதற்காகச் சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஏர்வாடி: வலையில் கடல் அட்டை தானாக மாட்டினால்?

2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்களே என்பது இங்கே செல்லாது. வீட்டுக்குக் கொண்டுபோனால், அவித்தால், காயவைத்தால், விற்றால் குற்றம். அது உயிரோடு இருக்கும்போதே, கரைக்கு வருமுன் கடலில் விட்டுவிடுங்கள்.