குடிசன மதிப்பீட்டு வேலை கிடைக்குமா?

கேள்வி: உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கிறேன். குடிசன மதிப்பீட்டில் கணக்கெடுக்கிற தற்காலிக வேலை எடுக்கலாமா அக்கா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: முயற்சி செய்யுங்கள் தங்கச்சி. ஆனால் முழு மதிப்பீடு பத்தாண்டுக்கு ஒருக்கால் வருவது. 2021இல் நடக்க வேண்டியதே பிந்தி 2024இல்தான் தொடங்கியது. அடுத்த மதிப்பீடு வரும்வரை காத்திருக்காமல் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புள்ளிவிபர உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தொழிற்படை ஆய்வு, வீட்டு வருமான செலவின ஆய்வு என்று இடையிலும் வேலைகள் நடக்கின்றன. ஆள் எடுப்பார்களா என்று நேரே கேளுங்கள். கிராம அலுவலரிடமும் சொல்லி வையுங்கள்.

2012 மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பக்கம் கணக்கெடுக்கச் சைக்கிளில் வீடு வீடாகப் போனவள் நான். 2001 மதிப்பீட்டில் வன்னியில் எங்கள் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் எண்ணவேயில்லை. 1981க்குப் பிறகு 2012இல் எடுத்ததுதான் நாடு முழுவதையும் எண்ணிய முதல் கணக்கு. ஒரு வீட்டில் அம்மா ஒருவர், காணாமல் போன மகனின் பெயரையும் எழுதச் சொல்லி நின்றார். வழக்கமாக அங்கே வசிப்பவர்களைத்தான் எழுதலாம். பேனையை மூடி வைத்துவிட்டு, அவர் மகனைப் பற்றிச் சொன்னதெல்லாம் கேட்டேன். தேத்தண்ணியும் தந்தார். அப்புறம்தான் படிவத்தை நிரப்பினேன். இப்படியான வீடுகளில் அவசரப்படாதீர்கள். கேட்டதை வெளியே கதைக்கவும் கூடாது, அது சட்டம்.

2024இல் படிவம் போய் டேப்லெட் வந்துவிட்டது. அதனால் அதைப் பாவிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. வயலுக்குப் போகிற வீடுகளுக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள்.